பாதைக்குக் குறுக்கே கிடந்த கிளை

சுரேன் சேர், அந்தப் பன்றிப் பாதையில் கட்டுத்துவக்கு இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எங்களை அனுப்பினீர்கள்.

யாரோ சொல்லக் கேட்டு இதை நான் எழுதவில்லை. அங்கே வேலை செய்தவன் நான். என் பெயர் ராஜு. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் தளபாடக் கடைகளுக்கு மரவேலை செய்யும் பாஸ்; தச்சனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுதிப் பழக்கமில்லை. இப்போது காட்டுக்குள் கைக்கருவிகளை மட்டும் வைத்து வாழப் பழக்குகிறோம் என்று ஆளுக்கு ஆள் முகாம் நடத்துகிறார்கள். அதற்கெல்லாம் எங்களைப் போன்ற பாஸ்மாரைக் கூப்பிடுகிறார்கள். போகப்போகும் இளம் பையன்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டுத்துவக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுப்பன்றி நடக்கும் பாதையில், மரத்தோடு மரமாக ஒரு நாட்டுத்துவக்கை, அதாவது நாட்டுத் துப்பாக்கியை, கட்டிவைப்பார்கள். அதன் விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி போகும். பன்றி கம்பியில் முட்டினால் வெடிக்கும். மனிதன் முட்டினாலும் வெடிக்கும்.

1. போன் பெட்டி

போன வருடம், அப்படி முகாம் நடத்தும் சுரேன் சேர் கடைக்கு வந்து கேட்டார்.

"பாஸ், கரண்ட் இல்லாம ஒரு வீடு கட்டுவீங்களா?"

"கரண்ட் போற நாள்ல நாங்க என்ன படுத்தா தூங்குறோம் சேர்?" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதை அப்படியே தான் எடுக்கும் வீடியோவிலும் சொல்லச் சொன்னார்.

இடம் மடவளையைத் தாண்டி, பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கும் மேலே. கைவிட்ட தேயிலைத் தோட்டம். கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து நிற்கிறது. இடையில் ஆள் உயரத்துக்கு மானாப்புல். அதற்கு மேலே காடு. அந்த நிலத்தைச் சேர் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கோடாலி, மண்வெட்டி, கத்தி, வாள், வாய்ச்சி, உளி, இவ்வளவுதான் ஆயுதம். மரம் வெட்டிக் குடில் கட்டி, பாத்தி வெட்டி, தண்ணீர் கொண்டுவந்து, யார் தயவும் இல்லாமல் வாழ்ந்து பார்ப்பது. சேர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போடுவார்.

மரத்தைப் பலகையாக அரிய இரண்டு பேர் வேண்டும். குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவன் மேலே நிற்பான், ஒருவன் குழிக்குள் நிற்பான். இரண்டு பேரும் ஒரே வாளைப் பிடித்து இழுக்க வேண்டும். மேலே நிற்பவன் கோட்டைப் பார்ப்பான். கீழே நிற்பவனுக்குக் கண்ணெல்லாம் மரத்தூள். மேலே நிற்பவனை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. எனக்கு மேலே நின்றவர் மடவளை நவ்ஷாத் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கல்யாணம் கட்ட முன்பிருந்தே நாங்கள் ஒன்றாக அரிகிறோம்.

முதல் நாள் சேர் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். எங்களிடமும் கையை நீட்டினார்.

"நீங்களும்தான் பாஸ். காட்டுல எல்லாரும் சமம்."

நவ்ஷாத் நானா போனைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சமம்னா சாவி மட்டும் ஏன் சேர் ஒங்கட கழுத்துல தொங்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். சாவி கழுத்திலேயே இருந்தது.

எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. சிறுத்தையை நினைத்து இல்லை. கோடாலியைத் தொட்டே பார்க்காத ஆட்கள், அதைத் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பல் டொக்டர் அம்மா, யாழ்ப்பாணத்து ஆள், கோடாலியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டார்.

"அண்ணை, இதாலே நான் ஆரையும் கொல்ல முன்னம் எனக்கு மண்வெட்டியைத் தாங்கோ."

அந்தக் கூட்டத்தில் புத்தியாகப் பேசியது அவர் ஒருவர்தான்.

2. வேலிக்கு வெளியே ஒரு பேச்சு

எங்களுக்குக் கீழே முதியான்சே என்ற சிங்கள விவசாயி போஞ்சிக்காய் பயிர் போட்டிருந்தார். தனி ஆள். கை டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். பன்றி வந்து பாத்தியைப் புரட்டிவிட்டுப் போகும் என்று எங்களிடம் சொல்லுவார்.

குடிலுக்குக் கதவு செய்ய நாங்கள் பலகை அரிந்துகொண்டிருந்த அன்று, அவர் வேலிக்கு வந்து சேரைக் கூப்பிட்டார். நான் குழிக்குள் நின்றேன். வாள் சத்தத்தில் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. ஆனால் குழியின் விளிம்புக்கு மேலே அவர் கை தெரிந்தது. மேல் ஓடைப் பக்கம் காட்டினார். பிறகு இரண்டு கையையும் குறுக்கே போட்டுக் காட்டினார். சேர் தலையை ஆட்டினார். அவர் மறுபடியும் காட்டினார். சேர் மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

நான் குழியிலிருந்து ஏறிக் கேட்டேன். "என்னவாம் சேர்?"

"பன்றித் தொல்லையாம் பாஸ். நம்ம மரக்கறியையும் கவனமா பாத்துக்கச் சொல்றாரு."

நான் அதை நம்பினேன். முதலாளி சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? மறுபடியும் குழிக்குள் இறங்கினேன்.

3. கிளை

மழை இல்லாமல் கீழ் ஊற்று சேறாகிவிட்டது. மேல் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று சேர் சொன்னார். மூங்கிலைப் பிளந்து, தண்ணீர் ஓடிவரப் பீலி போடலாம். அதற்கு முதலில் பாதை வெட்ட வேண்டும். மானாப்புல்லுக்குள்ளே பன்றி நடந்து நடந்து ஒரு தடம் இருந்தது. அதை அகலமாக்கினால் லேசு என்று சேரே காட்டினார்.

அன்று பின்னேரம் நவ்ஷாத் நானாவும் நானும் கத்தி எடுத்துப் போனோம். சேர் கெமராவோடு பின்னால் வந்தார். தடம் காட்டுக்குள் நுழையும் வாயில், இலையோடு ஒடித்த கிளை ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. பச்சை வாடியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. காட்டுக்குள் போகும்போது ஒரு சின்னக் கிளையை ஒடித்து மரத்தில் தொங்கவிட்டு, காவல் தெய்வத்திடம் வழி கேட்டுவிட்டுப் போவது. சிங்களவர்கள் செய்வார்கள். தோட்டத்தில் விறகுக்குப் போகும் எங்கள் ஆட்களும் செய்வார்கள். அப்படி யாரோ தொங்கவிட்டது காற்றில் விழுந்து கிடக்கிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

"நீ ஒன்ட வேலயப் பாரு ராஜு," என்றார் நவ்ஷாத் நானா. "நீ கிளயத் தொங்கவுடு, நான் பிஸ்மி சொல்றேன். ரெண்டு பக்கத்தாலயும் காவல்."

நான் ஒரு கிளையை ஒடித்துத் தொங்கவிட்டேன். சேர் அதைப் படம் பிடித்தார். அவருக்கு நல்ல சந்தோசம்.

"திரும்ப ஒருக்கா செய்ங்க பாஸ், முகம் விழல. ஆ, கீழ கிடக்கிற அந்தக் கிளையையும் எடுத்து மரத்துல மாட்டிடுங்க. பாதைல கிடந்தா வீடியோவுல குப்பை மாதிரி இருக்கு."

எடுத்து மாட்டினேன். ஒருமுறை இல்லை, அவர் சொல்லச் சொல்ல மூன்று முறை.

அதற்குள் மழை பிடித்தது. பாதி வெட்டின பாதையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம்.

4. கம்பி

மறுநாள் காலை மிஸ்ட், வெள்ளைப் பனிமூட்டமாக, இறங்கியிருந்தது. சேர் கெமரா பெட்டரி சார்ஜ் பண்ணவென்று வேனை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டார். போகும்போது, "பின்னேரம் வரும்போது தண்ணி வரணும் பாஸ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவ்ஷாத் நானா முன்னால் கத்தியால் புல்லை விலக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் மண்வெட்டியால் படி வெட்டிக்கொண்டு வந்தேன். இடையில் அவருடைய முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"இந்த மிஸ்டுக்கு ஒரு பிளேன்டீ இருந்தா, ராஜு."

"சேரு கண்டியில குடிச்சுக்கிட்டு இருப்பாரு."

"நமக்கும் சேத்துத்தான் குடிப்பாரு. காட்டுல எல்லாரும் சமம்தானே."

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். அடுக்கிவைத்த பலகை மொத்தமாகச் சரிந்தது போல இருந்தது. எங்கே பலகை சரிந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு வெடிமருந்து நாற்றம் வந்தது. நவ்ஷாத் நானாவின் முதுகு அங்கே இல்லை.

அவர் உட்கார்ந்திருந்தார். விழுந்தது போல இல்லை, களைத்துப்போய் உட்கார்ந்தது போல இருந்தார்.

"ராஜு, என்ட கால் ஈக்கா பாரு."

நான் ஓடியிருக்க வேண்டும். என்னால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. ஒரு துவக்குக் கட்டுகிறவன் ஒன்றோடு நிறுத்துவானா என்ற நினைப்பு வந்துவிட்டது. பன்றி எந்தப் பக்கத்தால் வரும் என்று அவனுக்கும் தெரியாது, அதனால் இரண்டாவது ஒன்று இருக்கலாம். எனக்கு முன்னால் இருக்கலாம். நான் ஏற்கெனவே தாண்டி வந்த இடத்தில், இன்னும் மிதிக்காத பக்கத்தில் இருக்கலாம். புல்லில் ஒவ்வொரு தாளும் எனக்குக் கம்பியாகத் தெரிந்தது. மழைத்துளி தொங்கும் சிலந்தி நூல் ஒன்று முகத்தில் பட்டது. நான் மூத்திரம் போய்விட்டேன். வெட்கப்பட்டு இதை மறைக்க ஏலாது. அந்த இடத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

தவழ்ந்து போகலாமா என்று நினைத்தேன். தவழ்ந்தால் என் தலை பன்றியின் உயரத்துக்கு வரும். துவக்கு அந்த உயரத்துக்குத்தான் கட்டியிருக்கும். ஆகவே நிமிர்ந்து நின்றுதான் போக வேண்டும். கைக்கு எட்டிய ஒரு நீளக் கொம்பை ஒடித்து, அதை முன்னால் நீட்டி, தரையோடு தடவித் தடவி, ஒவ்வொரு அடியாகப் போனேன். கொம்பு ஒரு வேரில் தட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். போய்ச் சேர முடியாத தூரம் போல இருந்தது.

சத்தம் கேட்டு முகாம் ஆட்கள் கீழிருந்து ஓடி வந்தார்கள். புல் அசைவது தெரிந்தது.

"வராதீங்க. நிக்கிற எடத்துலயே நில்லுங்க. பாதைய விட்டுக் கால எடுக்காதீங்க, துவக்குக் கட்டியிருக்கு," என்று கத்தினேன்.

எல்லாரும் நின்றார்கள். யாரோ அழும் சத்தம் கேட்டது. நான் நவ்ஷாத் நானாவிடம் போய்விட்டேன். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியாமல் இருந்தது.

"நான் வாறன் அண்ணை." பல் டொக்டர் அம்மாவின் குரல். "எங்கை எங்கை மிதிக்கிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"என் காலடி சேத்துல தெரியும் டொக்டர். அதுலயே வைங்க. வேற எங்கயும் வைக்காதீங்க."

அவர் ஒவ்வொரு காலடியாகப் பார்த்து வைத்து வந்தார். வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கை வேலையைச் செய்தது. நவ்ஷாத் நானா சாரத்துக்கு, அதாவது கைலிக்கு, மேலே கட்டியிருந்த அகலப் பெல்ட்டை டொக்டர் உருவி, அவர் தொடையில் சுற்றி இறுக்கினார்.

"நான் பல்லு டொக்டர்தான். ஆனா ரத்தம் நிப்பாட்டத் தெரியும். முகத்தை இங்காலை திருப்புங்கோ, காலைப் பாக்காதேங்கோ."

நவ்ஷாத் நானா என்னைப் பார்த்தார். "ராஜு, ஹராமான சாமானுக்கு வெச்ச வெடி. அது என்னத் தேடி வந்தீக்கி பாரேன்."

சிரிக்கப் பார்த்தார். பல் கிட்டிப்போனது.

5. கதவு

தூக்கிக்கொண்டு போகக் கழி வெட்ட வேண்டும். கழி வெட்டப் புல்லுக்குள் இறங்க வேண்டும். யாரும் இறங்க மாட்டார்கள், நானும் மாட்டேன். குடிலிலிருந்து கதவைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் குழியில் அரிந்த பலகையில், ஆணி இல்லாமல், மரமுளை அடித்துச் செய்த கதவு. முகாமிலேயே அது ஒன்றுதான் ஒழுங்காக முடிந்த வேலை. நவ்ஷாத் நானாவை அதில் கிடத்தினோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், எல்லாரும் வந்த காலடியிலேயே திரும்பக் கால் வைத்து இறங்கினோம். வழுக்கினால் பாதையை விட்டு விழுவோம். விழுந்தால் எதன்மேல் விழுவோமோ தெரியாது. முன்னால் போகிறவன் "வேர்" என்பான், பின்னால் வருகிறவன் "வேர்" என்பான். அவ்வளவுதான்.

முகாமில் போன் பெட்டி பூட்டிக் கிடந்தது. சாவி சேரின் கழுத்தில் கண்டியில் இருந்தது. நான் கோடாலியை எடுத்துப் பெட்டியைப் பிளந்தேன். அந்தக் கோடாலி அங்கே செய்த உருப்படியான வேலை அது. ஆனால் அங்கே சிக்னல் இல்லை. பெட்டியைப் பிளக்க எடுத்த நேரமும் வீண்.

வேலியைத் தாண்டி இறங்கினபோது, முதியான்சே கை டிராக்டரை ஸ்டார்ட் பண்ணி, பின்னால் சாமான் ஏற்றும் இழுவைப் பெட்டியைக் கொளுவிவைத்துக்கொண்டு நின்றார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவோடு தூக்கி ஏற்றினோம். கையால் வாழலாம் என்று வந்த எங்களை அந்த டிராக்டர்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்தது.

வழியில் அவர் சிங்களத்தில் கேட்டார். அதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"ஒங்க முதலாளி மாத்தயாகிட்ட நான் சொன்னேனே. மேல் ஓடைப் பக்கம் எவனோ கட்டியிருக்கான், நான் பாதைக்குக் குறுக்க கிளை போட்டிருக்கேன், அதுக்கு மேல ஆள அனுப்ப வேணாம்னு. கையால காட்டியும் சொன்னேன். அவரு ஒங்ககிட்ட சொல்லலையா?"

அவரே மறுபடியும் சொன்னார்.

"சாமிக்குப் போடுற கிளை மரத்துல தொங்கும். பாதைல குறுக்க கெடந்தா அது ஆளுக்குப் போட்டது. அதையாவது நீங்க பாக்கலையா?"

"பாத்தோம்," என்றேன். "அத எடுத்து மரத்துல மாட்டச் சொன்னது அவருதான்."

முதியான்சே என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். துவக்கு யார் கட்டினது என்று நான் கேட்டேன். டிராக்டர் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். பொலிஸ் வந்து கேட்டபோதும் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டினவன் யாராக இருந்தாலும் அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவனுக்கு நாங்கள் அங்கே போவோம் என்று தெரியாது. தெரிந்த ஒருவர் இருந்தார்.

6. இப்போது

கண்டி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சேர் பழங்களோடு பார்க்க வந்தார்.

"காட்டு வேலைன்னா கொஞ்சம் ரிஸ்க் இருக்கும்தானே நானா."

நவ்ஷாத் நானா மரியாதைக்காரர். "ஈக்கும் சேர்," என்றார். நான் பக்கத்தில் நின்றேன். முதியான்சே சொன்னதைச் சொல்லி, உண்மையா என்று சேரிடம் கேட்டேன். "அவர் சிங்களத்துல வேகமா பேசினாரு பாஸ், எனக்கு விளங்கல," என்றார். வேலியில் முதியான்சேயோடு நின்று எத்தனையோ நாள் சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரித்தவர் அவர்.

பிறகு சேர் வீடியோ போட்டார். முகாமின் அறிவுறுத்தலை மீறி, ஊழியர் ஒருவர் அனுமதிக்கப்படாத பாதையில் போனதால் விபத்து நடந்தது என்று சொன்னார். நான் கிளை மாட்டும் வீடியோ அதற்கு முன்பே போட்டிருந்தார். அதில் அவருடைய குரலும் இருந்தது, "கீழ கிடக்கிற அந்தக் கிளையையும்" என்று. இப்போது தேடினால் அது இல்லை. பல் டொக்டர் அம்மா பார்த்திருக்கிறார். எங்கே கேட்டாலும் வந்து சொல்வேன் என்கிறார்.

நவ்ஷாத் நானா மடவளையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாள் தீட்டிக் கொடுக்கிறார். கால் போனதைவிட, அறிவுறுத்தலை மீறிப் போனார் என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தின்கிறது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் கடையில் ஒருவன் கேட்டானாம்: "நானா, பன்றிப் பாதையில ஒங்களுக்கு என்ன வேல?" பகிடிக்குத்தான் கேட்டான். அதற்குப் பிறகு நவ்ஷாத் நானா அந்தக் கடைக்குப் போவதில்லை.

"நான் சொல்வழி கேக்காம போன ஆள்னு ஊரே நெனக்கிது, ராஜு," என்றார். "கால் வேணாம். அத மட்டும் மாத்திக் குடு."

எனக்கும் அந்தப் பயம் ஒன்றும் குறையவில்லை. புல் உயரமாக இருக்கும் இடத்தில் நான் இன்னும் நடப்பதில்லை. என் வீட்டு முற்றத்தில் மனைவி துணி காயப்போடும் கம்பியைக் கண்டாலே அப்படியே நின்றுவிடுகிறேன். அவள் கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டியிருக்கிறாள்.

இளம் பாஸ்மாருக்கு நான் சொல்வது இதுதான். காட்டு வேலைக்குக் கூப்பிட்டால், முதல் மரத்தை வெட்டமுன் கீழே இருக்கிற ஆட்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். முதலாளி கேட்டுச் சொல்வார் என்று குழிக்குள் நிற்காதீர்கள். போனை யாருக்கும் கொடுக்காதீர்கள். பாதைக்குக் குறுக்கே கிளை கிடந்தால் அதைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள், யார் கெமராவோடு நின்று சொன்னாலும் சரி. யார் தயவும் இல்லாமல் காட்டில் வாழலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களை உயிரோடு வைக்க ஒருவர் ஒரு கிளை போட்டிருந்தார். அதை எங்களை வைத்தே எடுக்கவைத்தார்கள்.

சுரேன் சேர், அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதே காடு, அதே ஓடை. மறந்துவிட்டீர்களா, நம்பவில்லையா, உண்மையைச் சொன்னால் வந்த ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்தீர்களா, எனக்குத் தெரியாது. எனக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். நவ்ஷாத் நானாவைக் குற்றம் சொன்ன அதே இடத்தில், அதே முகத்தோடு, எல்லாரும் பார்க்க வந்து நின்று பதில் சொல்லுங்கள். முதியான்சே உங்களிடம் சொன்னாரா, இல்லையா?